குலுக்கு மிஸ்ஸி

ஊவா மலைநாட்டில் அடுத்தவர் வயிற்றைப் பற்றிக் குலுக்கு மிஸ்ஸியைப் போல் ஆராய்ச்சி செய்த தாதி வேறு யாருமே கிடையாது. சொந்தப் பெயர் வார்ட்டில் யாருக்கும் தெரியாது. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்துப் போத்தலை அவர் குலுக்கினால், கண்டக்டர் மணியடித்ததாக நினைத்துப் பெரகல சந்தியில் நிற்கிற பஸ்கூடப் புறப்பட்டுவிடும்.

"மருந்தெல்லாம் அடியில கெடக்கு. குலுக்காம குடிச்சா வெறும் தண்ணிதான்!"

வயிற்றுப் புண்ணோடு நான் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பூனாகலைத் தோட்டத்துப் பெரியவர். ஒருநாள் காலை அவர் எல்லா மாத்திரைகளையும் ஒரே பிடியாக வாயில் போட்டு, வெள்ளை மருந்தையும் ஊற்றி, அதன்மேல் பிளேன்டீயும் குடித்தார். மிஸ்ஸி பார்த்துவிட்டார்.

"என்ன தாத்தா இது?"

"காலையில பெரட்டுல பேரு கூப்பிடுற நேரமாயிரும்னு ஒரே முழுங்கா முழுங்கிப் பழகிட்டோங்க."

"இங்க எந்தக் கங்காணி பேரு கூப்பிடுறாரு? வெள்ளை மருந்து மத்த மாத்திரைய வேலை செய்ய விடாது. ரெண்டு மணித்தியாலம் தள்ளிப் போடுங்க."

அடுத்தது என் முறை. இருபது கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி தினமும் அதே கேள்வி: "கருப்பா போச்சா?"

மலம் கருப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறதாம். முதல் நாளே சொல்லியிருந்தார். நான்காம் நாள் தார் மாதிரிப் போனது. ஆனால் நோயாளிகளைப் பார்க்க வந்த பெண்கள் வார்ட் நிறைய நின்றார்கள்.

"இல்லைங்க மிஸ்ஸி" என்றேன்.

அவர் நகரவில்லை. காய்ச்சல் பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்தார். போத்தலை என் கையில் வைத்தார். அவருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

"வாயால சொல்ல வேணாம். கருப்புன்னா குலுக்குங்க. இல்லன்னா கைய சும்மா வைங்க."

குலுக்கினேன்.

மிஸ்ஸி ஓடினார். டாக்டர் வந்தார், இரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் ஒருநாள் மறைச்சிருந்தா ஆளே இல்ல" என்றார் டாக்டர்.

மூன்று மாதம் கழித்து கிளினிக்குக்குப் போனேன். நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மிஸ்ஸி. என்னைக் கண்டதும் வெறுங்கையைத் தூக்கிக் குலுக்கி, புருவத்தை உயர்த்தினார். கருப்பா?

கையை ஆட்டாமல் நின்றேன். அவர் சிரித்தார்.

கும்பிடத் துடித்த இரண்டு கைகளைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.