கடல் பூதத்தின் கட்சி

நாற்பதாம் பக்கத்தில் இங்வார் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். பதினோரு வருடம் காத்திருந்த மாயக்கதைத் தொடரின் ஒன்பதாம் பாகம். கிறிஸ்துமஸுக்கு மனைவி ஹல்பேரா கொடுத்தது. ஐஸ்லாந்து வழக்கப்படி ஆக்குரேரி ஊரே சாக்லேட்டும் புத்தகமுமாகச் சோபாவில் புதைந்து கிடக்கையில், அவர் மட்டும் பொருமிக்கொண்டிருந்தார்.

காரணம், செய்தித்தாள். புத்தக அட்டையில் இருந்த கெஸ்டுர் ஹால்சன் என்ற அதே பெயரில் ஒரு கட்டுரை: ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாம், மீனைப் பங்கு போட்டால் குடி முழுகிவிடாது. முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்த்தவருக்கு இது போதாதா? கதையில் கடல் பூதம் குள்ளர்களுக்கு மீன் கொடுக்கிறது. நேற்றுவரை அது தாராள மனசு. இன்று துரோகம்.

ஹல்பேரா அட்டையில் பழுப்புத் தாள் ஒட்டி எழுத்தாளர் பெயரை மறைத்துக் கொடுத்தார். பெயர் மறைந்ததே தவிர ஆள் மறையவில்லை. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் வனதேவதைகளின் ராணி நீல அங்கியில் வந்தாள். தலையைச் சுற்றிப் பன்னிரண்டு நட்சத்திரம்.

"ஒன்றியத்துக் கொடியையே சுத்திக்கிட்டு வர்றா, பாரு."

"நீ கதை படிக்கிறியா, ஓட்டு எண்ணுறியா?"

மனசை ஆற்ற, மனுஷன் யோக்கியனாக இருந்த காலத்தில் எழுதிய முதல் எட்டுப் பாகங்களை எடுத்தார். வினை அங்கேதான் பிடித்தது. கையில் பென்சில் வேறு. நாலே நாளில் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் அடிக்கோடு. மகளுக்கு மடியில் வைத்து வாசித்த முதல் பாகத்தில்கூட, பேசும் ஆட்டுக்கிடாவுக்கு உள்நோக்கம் இருந்தது.

பின்னட்டையில் ஒட்டியிருந்த மாற்றுச்சீட்டைக் காட்டி ஒன்பதாம் பாகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் பின்னல் வேலைப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். அவருக்குப் பின்னத் தெரியாது. கடல் பூதம் பிழைத்ததா என்றும் தெரியாது. வாட்டியது இரண்டாவதுதான்.

கடைசியில், நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்திருந்த ஆறு பேரிடம் ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கிடாமேல் தனக்கும் அப்போதே ஒரு கண் இருந்ததாகத் தபால் அலுவலகப் பெண்மணி சொன்னார்.

மூலையில் ஒருவர் ஈரக் கையைத் தூக்கினார்.

"நான்தான் கெஸ்டுர் ஹால்சன்."

வெந்நீர்த் தொட்டி உறைந்தது. இங்வார் மூக்குவரை அமிழ்ந்தார்.

"பல் டாக்டர். மீன் கட்டுரை என்னுது. பூதக் கதை எழுதறது அதே பேர்ல வேற ஒருத்தன்," என்றார் அவர். "அவன் உங்க கட்சி. அதனாலயே நான் ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல."