அத்தையின் முகமும் மாமாவின் செம்மஞ்சள் தலையும்

நாவலப்பிட்டி

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகள் டிலானிக்கு, மாமா இருளப்பன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே மழையும் நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே கட்டாரில் வெயில் குறைவாகவும் நீயும் மகன் சுரேஸும் நிறைவாகவும் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். நன்றி சொல்வதென்றால் கடதாசியில்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதோடு குரல் பதிவு போட்டால் உன் அத்தை பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பாள்.

நீ அனுப்பிய பொருட்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவை இங்கே பட்ட பாட்டைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது அரைகுறையாகப் போய்விடும். போன வருஷம் உன் அத்தைக்குக் கன்னமும் நெற்றியும் சிவந்து அரிக்கத் தொடங்கியதும், அவள் அதற்கு மேல் கிரீம் பூசியதும், அது இன்னும் சிவந்ததும், அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசியதும் உனக்குத் தெரியும். கடைசியில் கண்டியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உன் அத்தையின் முதுகில் சின்னச் சின்னத் துண்டுகளாக என்னென்னவோ ஒட்டி, பிறகு வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பாராபென் என்ற சாமான் இந்த அம்மாவின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், இவர் மட்டும் அது சேராததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். டப்பாவின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நாவலப்பிட்டி ஸ்டேஷனின் சரக்குக் கந்தோரில் காலமெல்லாம் வேகன் லேபல் வாசித்து ஓய்வு பெற்றவனிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளியலறையிலிருந்து தொடங்கினேன். ஷாம்பு, பவுடர், ஃபேஸ் வாஷ், என் சேவிங் கிரீம் என்று எதையும் விடவில்லை. மெத்தில், புரோப்பில், பியூட்டில் என்று ஆளுக்கொரு இனிஷியல் போட்டுக்கொண்டு ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் முக்கால்வாசி டப்பாக்களில் குடியிருந்தார்கள். என் தலைக்கு அடிக்கிற கறுப்பு மையிலும் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் தலையணையில் என் தலையும் படுகிறதே என்று அதையும் குப்பை வாளியில் போட்டேன். அரைவாசி தீராத சாமான்களை எறிய உன் அத்தைக்கு மனம் வரவில்லை. நல்ல பை ஒன்றில் போட்டுப் பக்கத்து வீட்டுச் சகீனாவுக்குக் கொடுத்தோம். யார் தோலும் கெடாமல் அது அங்கேயே இருந்திருக்கும். ஆனால் அன்று பின்னேரமே உன் அத்தை வேலியருகே நின்று, தன் முகம் ஏன் இப்படி ஆனது என்று அதே சகீனாவிடம் அடியிலிருந்து நுனி வரை விளக்கியிருக்கிறாள். மறுநாள் காலை பை திரும்பி வந்தது. மேலே ஒரு கோப்பை கருப்பட்டி வட்டிலப்பமும் இருந்தது. சகீனா கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்கட மொகமும் மொகம்தானே அக்கா."

டாக்டர் உன் அத்தைக்கு மட்டும்தான் சொன்னார் என்று நான் எடுத்துச் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. வட்டிலப்பத்தைத் தலைகுனிந்துதான் சாப்பிட்டேன், ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன்.

இதெல்லாம் கேள்விப்பட்டுத்தானே மகளே நீ அங்கே கடை கடையாக ஏறி இறங்கி, பாராபென் இல்லாத கிரீம், ஷாம்பு, உதட்டுச் சாயம், சவர்க்காரம் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி, லீவில் வந்த ரவிகுமாரிடம் கொடுத்து அனுப்பினாய். பெட்டியைத் திறந்த அன்று உன் அத்தை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்துவிட்டு, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் ஷோகேஸ் அலுமாரியில் வைத்துவிட்டாள். நம் வீட்டு ஷோகேஸை நீ கலியாணத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறாய். யாரும் தேநீர் குடிக்காத கோப்பைகள், சுரேஸ் முதல் சம்பளத்தில் வாங்கிய கண்ணாடி ஒட்டகம், ஓடாத தங்க நிற மணிக்கூடு. அந்த வரிசையில் உன் கிரீம்களும் உயரப்படி நின்றன. வெளிநாட்டிலிருந்து யார் எது அனுப்பினாலும் நம் பக்கத்தில் அதற்குச் சேருமிடம் அதுதான். வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஷோகேஸை ஜன்னலுக்கு நேரே வைத்திருக்கிறாள். பகலெல்லாம் வெயில் அதில்தான் விழும். பூசவில்லையா ஈஸ்வரி என்று கேட்டால், ஒரு நல்ல நாள் வரட்டும் என்பாள். நல்ல நாள் வரும்வரை அவள் வீட்டில் கிடந்த பழைய சவர்க்காரத்தையே போட்டாள். அதன் உறையில் மூன்று மொழியிலும் சாமான் பட்டியல் அழிந்துபோயிருந்ததால் என் பூதக்கண்ணாடிக்கும் தப்பிவிட்டது.

முகம் ஆறவில்லை. ஆறாதது மட்டுமில்லை, உன் அத்தை வெளியே போவதையும் நிறுத்திவிட்டாள். கெமரா பழுது என்று உங்களிடம் சொல்லிக் குரல் மட்டும் கேட்கும்படி பேசினாளே, அது பொய். கெமராவுக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமைப் பஜனையில் முதல் வரி எடுத்துக்கொடுக்கிறவளே அவள்தான் என்று உனக்குத் தெரியும். அவள் போகாததால் அந்தப் பொறுப்பு அங்கம்மா தலையில் விழுந்தது. அங்கம்மா நல்ல மனுசி. ஆனால் அவள் பிடிக்கிற சுருதியில் அவள் மட்டும்தான் ஏற முடியும், மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைகளில் ஒலிபெருக்கிச் சத்தம் வீடுவரை வரும்போது உன் அத்தை குசினிக்குள் அடுப்பருகே நின்று சரியான சுருதியில் மெதுவாகப் பாடுவாள். நான் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு எந்தச் செய்தியும் மனதில் ஏறவில்லை.

தேர்த் திருவிழாவுக்குக் கொடியேற நாள் குறித்தார்கள். அதுதான் நல்ல நாள் என்று முடிவாகி, திருவிழாவுக்கு முன்பே பூசத் தொடங்கலாம் என்று ஷோகேஸைத் திறந்தோம். என்ன சொல்ல. பெரிய டப்பாவில் தண்ணீர் தனியே, எண்ணெய் தனியே, அதற்கு மேலே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். மழையில் நனைந்த சாக்கு மூட்டையின் மணம். மற்றதும் அப்படித்தான். அப்போதுதான் சின்ன எழுத்தை வாசித்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கவும், சீக்கிரம் உபயோகித்து முடிக்கவும் என்று இருந்தது. கெட்டுப்போகாமல் காக்கிற சாமானை எடுத்துவிட்ட கிரீம் காத்திருக்காது என்று எங்களுக்குத் தெரியவில்லை மகளே. உன் அத்தை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நான் புத்தி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே பேசினாள்.

"நல்ல நாளுக்குன்னு எல்லாம் வைக்கலங்க. இம்புட்டு நல்ல சாமான் இந்த மூஞ்சிக்கு எதுக்குன்னுதான் வச்சேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஊரிலுள்ள லேபலையெல்லாம் வாசித்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் நான் கலியாணம் கட்டினேன் என்று சொன்னேன். அது அவ்வளவு நன்றாகச் சொல்லப்படவில்லை. ஆனால் அவள் அழுகையை நிறுத்தினாள்.

நீ செய்த புண்ணியம், எல்லாம் கெடவில்லை. சீல் உடைக்காத ஒரு டியூபும் இரண்டு சவர்க்காரமும் ஷோகேஸில் இடம் போதாமல் அவளுடைய சேலை அலுமாரிக்குள் போயிருந்தன. வெயில் படாததால் நல்ல நிலையில் இருந்தன. அன்றே பழைய சவர்க்காரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவற்றைத் தொடங்கினாள். நம்பினால் நம்பு, திருவிழா நெருங்கும்போது அரிப்பு நின்றுவிட்டது, சிவப்பும் இறங்கிவிட்டது. கன்னத்தில் கறுப்புத் திட்டு மட்டும் கொஞ்சம் மிச்சம். அது போக நாளாகும் என்று டாக்டரும் சொன்னார். ஆனால் தேரன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு, நான் வரவில்லை, எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று சொல்லிக் கட்டின சேலையை மாற்றப் போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் என் தலையில் அந்த விபத்து நடந்தது. கறுப்பு மை வாளிக்குப் போனதிலிருந்து என் தலை வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. திருவிழாவுக்கு மரியாதையாகப் போகலாம் என்று கண்டியில் ஒரு மருந்துக் கடையில் மூலிகைச் சாயம் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு கடதாசிப் பக்கெட்டில் தூள். முதலில் மருதாணித் தூள் பூச வேண்டும், கழுவிவிட்டு அவுரித் தூள் பூச வேண்டும், அப்போதுதான் கறுப்பு வரும். நான் முதல் பக்கெட்டை மட்டும் பூசி ஊறவிட்டு, இரண்டாவது அடுத்த முறைக்கு என்று நினைத்துக் கழுவிவிட்டேன். வாழ்நாள் முழுக்க லேபல் வாசித்தவன் அந்த ஒரு காலை மட்டும் வாசிக்காமல் விட்டேன் பார். கண்ணாடியில் பார்த்தால் தலை செம்மஞ்சளாகி, பழுத்த தோடம்பழமாக நிற்கிறது. சேலையை மாற்றிவிட்டுக் குசினிக்குள் நின்ற உன் அத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தலையோடு உங்களைத் தனியாக அனுப்பினால் ஊர் என்னைத்தான் கேட்கும் என்று சொல்லி, அவிழ்த்த சேலையைத் திரும்பக் கட்டிக்கொண்டு என்னோடு புறப்பட்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் தாடிக்கு மருதாணி போட்ட ஒரு ஹாஜியார் எனக்கு ஸலாம் சொல்லி இடம் விட்டுக் கொடுத்தார். நானும் பதில் சொல்லி, உன் அத்தையை அதில் உட்கார வைத்தேன். கோயிலில் இறங்கினால், ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்லிக்கொண்டிருந்த செயலாளர் ஸ்ரீதரன் என்னைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டார். சனம் மொத்தமும் அவர் பார்த்த பக்கம் திரும்பிற்று. இது என்ன நேர்த்திக்கடன், எதற்காக வைத்தீர்கள் என்று ஒருவர் பயபக்தியோடு விசாரித்தார். என்னோடு வேலை செய்த பென்ஷன்காரர்கள் சுற்றி நின்று, இந்தத் தலையைக் காட்டித் தூரத்திலிருந்தே ரயிலை நிறுத்தலாம் என்றார்கள். மகளே, உன் அத்தையின் கன்னத்தை ஒரு ஆள் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அங்கம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து, ஒலிவாங்கியை அதற்குள் திணித்து, "இந்தா புடி, எனக்குத் தொண்ட போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உன் அத்தை பாடினாள். தேர் வடம் பிடிக்கிறவர்களும் நின்று கேட்டார்கள். நான் தூணோரம் நின்று அழுதேன். பார்த்தவர்கள் சாயம் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே, நீ அனுப்பியதில் பெரும்பகுதி கெட்டுப்போனதற்காக நீ வருத்தப்படக் கூடாது. மிஞ்சிய டியூபும் சவர்க்காரமும் செய்ததே எங்களுக்குப் போதும். பெற்ற மகனே அரிப்பு என்றால் வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னான். நீதான் அத்தைக்கு எது சேரும், எது சேராது என்று கேட்டு, வாசித்து, தேடி வாங்கினாய். இப்போது ஷோகேஸைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டோம். அந்தக் கோப்பைகளில் தேநீர் குடிக்கிறோம், ஒன்று உடைந்தும் விட்டது. இனி அனுப்புவதானால் சின்ன டியூபாக ஒன்று அனுப்பு, அது தீர்ந்த பிறகு மற்றதை அனுப்பு. சகீனாவும் உன் சவர்க்காரத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இந்த முறை பை திரும்பி வரவில்லை.

நீயும் சுரேஸும் நோய் நொடியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று உன் அத்தையும் நானும் கும்பிடுகிறோம். இந்தக் கடிதத்தை உன் அத்தை வாசித்துவிட்டாள். என்னைப் பற்றிய இடத்தில் 'கோமாளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னாள், சேர்த்துக்கொள். சேலையில் போன தடவை நீ கேட்ட பச்சை நிறம் கிடைத்துவிட்டது என்றும் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன் நலம் விரும்பும் மாமா,
இருளப்பன்

பி.கு.: இதைத் தபால் கந்தோரில் நின்று, கவரை மெல்லப் பிரித்து எழுதுகிறேன். மேலே நான் லேபல் வாசிக்கவில்லை என்று எழுதியதை நம்பாதே. இரண்டு பக்கெட்டிலும் என்ன இருந்தது என்று கமா புள்ளியோடு இப்போதும் சொல்வேன். அவள் சேலையை மாற்றப் போனதும் இரண்டாவது பக்கெட்டைப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தவன் நான்தான். இதை உன் அத்தையிடம் சொல்லிவிடாதே. "இந்த மனுசனத் தனியா விட ஏலாது" என்று சொல்லிக்கொண்டு, இப்போது நான் எங்கே போனாலும் கூடவே வருகிறாள்.