கொமிசேரின் கொலைக்கதை

முதலியார்பேட்டையில் பார்த்த மில் வேலையை உதறிவிட்டுக் கடலூர் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு வேட்டி, வயிற்றில் ஒன்றுமில்லை. அப்போதுதான் கொமிசேரைச் சந்தித்தேன். உயிரோடு இருப்பவனிடம் கொஞ்சம் செத்துப்போகும்படி மரியாதையாகக் கேட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

முந்திரித் தோப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, வேல ஏதும் இல்லன்னா ரவ நேரம் செத்துட்டுப் போறியா?"

புருவமெல்லாம் மாவு படிந்த மனிதர். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ரொட்டி சுடுகிறவர். காலை வியாபாரம் முடிந்ததும் சைக்கிளில் இந்தத் தோப்புக்கு வந்து துப்பறியும் நாவல் எழுதுவார். அதனால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீஸ் அதிகாரியின் 'கொமிசேர்' பட்டத்தை ஊர் அவருக்குக் கொடுத்திருந்தது.

தரையில் ஒரு கயிறு நீளமாகக் கிடந்தது. பழைய பிரெஞ்சு எல்லை அப்படித்தான் போனதாம். தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் வரும்படி படுக்கச் சொன்னார். ரொட்டி ஒன்றை நீட்டியதால் படுத்தேன்.

"வாய மூடு தம்பி. செத்தவன் மெல்ல மாட்டான்."

ஆடு ஓட்டி வந்த அஞ்சலை நின்றாள். "இன்னா கொமிசேரு, இன்னிக்காவது பிணத்த எடுப்பியா? வருசக்கணக்கா கெடக்குதே."

"துப்பறியறவங்க ரெண்டு பேரும் இன்னும் ஒத்துக்கல" என்றார் அவர்.

நாவலில் பிணம் எல்லைமேல் கிடந்தது. "இங்கே நடந்து வந்தது கால்தானே, கால் உங்களுடையது, நீங்களே விசாரியுங்கள்" என்பார் பிரெஞ்சு துப்பறிவாளர். "வர நினைத்தது தலைதானே, தலை உங்களுடையது" என்பார் இங்கிலீஷ் பக்கத்துக்காரர். அத்தியாயம் அத்தியாயமாக இதே பேச்சு. அதற்குள் கொலைகாரன் சாவகாசமாகக் கல்யாணம் செய்து பிள்ளையும் பெற்றுவிட்டான்.

நான் படுத்தபடியே சிரித்தேன். அவர் தண்ணீர் எடுக்கச் சைக்கிள் பக்கம் போனதும் அஞ்சலை குனிந்தாள்.

"சிரிக்காதய்யா. செத்தது அவுரு தம்பி. அப்பல்லாம் கொல விழுந்தா, விசாரணைக்குப் பயந்து இந்த ஊர்க்காரங்க பிணத்த எல்லைக்கு அந்தாண்ட இழுத்துப் போட்டுடுவாங்க. அந்தாண்ட ஊர்க்காரங்க திரும்ப இந்தாண்ட இழுத்துப் போடுவாங்க. கடைசில ரெண்டு போலீசும் எங்களுது இல்லன்னுட்டாங்க."

திரும்பி வந்தவர், என் முகத்தில் வெயில் விழுவதைப் பார்த்துத் தன் துண்டைப் போர்த்தினார். துண்டுக்கடியிலிருந்து கேட்டேன்.

"எல்லைதான் போயிடுச்சேண்ணே. ரெண்டு பேரும் சேந்து தூக்குனா இன்னா?"

கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. துண்டை விலக்கிப் பார்த்தேன்; அவர் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு. சைக்கிள்ல ஏறு. கடைக்கு ஆள் வேணும்."

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாவு மூட்டையை என்னைத் தனியே தூக்க அவர் விடவில்லை. தலைப்பக்கம் அவர் பிடித்தார், கால்பக்கம் நான். இறக்கும்போது, "மெதுவா தம்பி, மெதுவா" என்றார்.