எண்பத்தாறு அக்காவும் ஒரு காலி இடமும்

"...அதான் சொல்றேன், எண்பத்தாறு பொறக்கறதுக்கு முந்தி இவனுங்கள கேக்க நாதியே இல்ல நைனா!" என்று சொல்லிக்கொண்டே கோர்ட் வாசலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தார் அந்த அம்மா. யாரோடு பேசிக்கொண்டு வருகிறார் என்று எட்டிப் பார்த்தேன். பின்னால் ஈ காக்கை இல்லை.

நம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் டெல்லியிலும் கிடையாது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் சின்ன விஷயம்.

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது அவர் தொழில். மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஆக, வேலை முடிகிறவரை வாயைத் திறக்க வழியில்லை. அடக்கி வைத்த பேச்செல்லாம் கரையேறியதும் சட்டமாகப் பொங்கும்.

எப்போதோ ஓர் இறால் பண்ணைக்காரன் கழிவுநீரை ஏரியில் திறந்துவிட்டபோது, "இதுக்கெல்லாம் சட்டம் இருக்கும்மா" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. அதைத் தேடித்தான் அக்கா பொன்னேரி கோர்ட் வாசலுக்கு வர ஆரம்பித்தார். ஜூனியர் வக்கீல்கள் படித்துக் காட்டுவார்கள்; பதிலுக்கு இறால். எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியர், ஒரே பிரிவை மூன்று வாரம் இழுத்து மூன்று முறை குழம்பு வைத்தார்.

கேட்ட சட்டங்களை அக்கா ஒரு குடும்பமாக அடுக்கி வைத்துக்கொண்டார். "மூத்தது தண்ணி. எழுபத்தி நாலுல பொறந்தான். அடுத்தவன் காத்து, எண்பத்தொண்ணு. போபால்ல அத்தினி ஜனம் செத்தப்பறம்தான் எண்பத்தாறு வந்தான், வூட்டுக்கே பெரிய ஆளு. அவன் பொண்ணுதான் கடக்கரை சட்டம், தொண்ணூத்தொண்ணு. அவளுக்கு ரெண்டு தபா சட்டைய மாத்தி வுட்டானுங்க, ஒவ்வொரு தபாவும் துணி கொறஞ்சிக்கினே வருது. ரெண்டாயிரத்திப் பத்துல இவங்க பஞ்சாயத்துக்குன்னே தனி கோர்ட்டு!"

அவருக்கு ரொம்பப் பிடித்தது எண்பத்தாறின், அதாவது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின், ஐந்தாம் பிரிவு. தொழிற்சாலையை மூடலாம், கரண்டை நிறுத்தலாம். டீக்கடைக்காரர் பிளாஸ்டிக் கப்பை வாய்க்காலில் கொட்டினால், "அஞ்சுல கரண்ட்ட புடுங்கவா?" என்பார். பாவம், அந்தக் கடையில் கரண்டே கிடையாது. இருந்தும் பயந்தார். ஊரே அக்காவை எண்பத்தாறு என்று கூப்பிட்டது.

பிறகு கடலோர வரைபடத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. வரைபடத்தை நான்தான் பெரிதாக நகல் எடுத்துக் கொடுத்தேன். அக்காவும் கூட்டாளிகளும் தடவிப் பிழைக்கும் இடத்தில் 'பயன்பாடற்ற சேற்று நிலம்' என்று போட்டிருந்தது. படித்துக் காட்டியதும், "காலின்னா எழுதிக்கீறானுங்க?" என்று அக்கா நகலை என் கையிலிருந்து பிடுங்கினார். காலி என்று எழுதிவிட்டால் நாளை எவன் வேண்டுமானாலும் அனுமதி வாங்கிக்கொண்டு மண்ணடித்து மேடாக்க வருவான். அதற்கப்புறம் இறங்கத் தண்ணீர் ஏது?

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்காவோடு நானும் போனேன். அவர் கூட்டாளிகள் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டி, "உங்க இடம் எதும்மா?" என்றார் அதிகாரி.

அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், வடக்க தூக்கி ஆகாசத்துல மாட்டி வெச்சிருக்கீங்க?"

வரைபடம் கழற்றப்பட்டுத் தரையில் விரிக்கப்பட்டது. "வாடைக் காத்து வர்ற பக்கம் திருப்பு" என்றார். இரண்டு ஊழியர்கள் ஏரியையே சுமப்பதுபோல் தூக்கித் திருப்பினார்கள். "லைட்ஹவுஸ் எங்க?" அதிகாரி காட்டினார். அக்கா அதன் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காகிதத்தைத் துழாவ ஆரம்பித்தார். கலங்கல் தண்ணீரில் கைதானே கண்.

"இங்க வெள்ள இறா. இங்க நண்டு, கடிக்கும். இங்க கல்லு கீது, பாத்து. இங்க முழுக்கச் சேறு, இடுப்பு வரைக்கும் இழுக்கும்."

கை போன வழியெல்லாம் அதிகாரியின் பென்சில் போனது. கல் இருந்த இடத்தில் அவரும் சுற்றித்தான் போனார்.

அதிகாரி எழுந்து மேஜைக்கு வந்து குறிப்பை வாசித்தார்: "இப்பகுதியில் தாம் இறால் பிடிப்பதாக ஒருவர் தெரிவித்தார்."

"ஒருத்தரா?" அக்கா பின்னால் திரும்பினார். "அடியேய், எழுந்து வாங்கடி! உங்கள காலின்னு எழுதிக்கினு கீறாங்க."

கடைசி வரிசை மொத்தமும் எழுந்து வந்தது. பெயர், ஊர், தொழில் என்று கட்டம் போட்ட தாளில் கைரேகைகள் விழுந்தன. எல்லாம் முடிந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து மேஜைக்கு இழுத்தார். "இவன் பேரையும் போடு சார்."

"இவர் தண்ணியில எறங்கறவரா?"

"ஜெராக்ஸ் கடை சார்" என்றேன், கூச்சத்தோடு.

"கடைய வுடு. தொழில்ல, 'எங்க ஆளு'ன்னு எழுதிக்க" என்றார் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை அக்கா அந்தத் தாளின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார், ஃபேன் காற்றில் பறந்துவிடாமல்.