எங்கள் வம்சத்து ரத்தத்தில் சிவப்பு மணிகள்

மொரப்பூர்,
1943, ஆவணி மாதம்

மகா கனம் பொருந்திய மச்சான் கிருஷ்ணப்பன் அவர்களுக்கு மாரப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் எருதுகளும் சௌக்கியம். அங்கே அக்காவும் கேழ்வரகுப் பயிரும் எப்படி என்று எழுதவும்.

போன சந்தையில் நீங்கள் என் முகத்துக்கு நேரே, "கண்டவன் ரத்தத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கற புள்ள எங்க மாதுவுக்கு வேண்டாம் மாப்ள" என்று சொன்னது இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது. சொந்த அக்காள் மகன் மாதுவுக்கு என் மகள் செல்லி ஆகாதவளாகிவிட்டாளா? பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவள் செய்கிற ரத்தப் பரிசோதனை வேலையை நேரில் பார்த்தே தீருவதென்று ரயிலேறினேன். பார்த்தேன் மச்சான். அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

என் விரலில் ஊசியால் ஒரு குத்து. நான் அலறியதை நீங்கள் பெரிதுபடுத்த வேண்டாம். அந்த ஒரு பொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பு என்கிற குழாய்க்கு அடியில் வைத்து, "பாருங்கப்பா" என்றாள். ஒரு கண்ணை மூடச் சொன்னால் எனக்கு இரண்டும் மூடிக்கொள்கிறது, அப்புறம் அவளே என் இடது கண்ணைப் பொத்திப் பிடித்தாள். என்னத்தைச் சொல்ல! குழம்பு ஊற்றக் களி உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்குவோமே, அந்த மாதிரி நடுவில் குழிந்த சிவப்பு அணுக்கள், கணக்கே இல்லை. ஊடே ஊடே வெள்ளை அணுக்கள், அதிலும் பல தினுசு. "உள்ளார மூணு நாலு துண்டா இருக்குதுங்களே, சீக்கு வந்தா அதுதான் மொத ஆளா ஓடிச் சண்டை போடும். ஒரே உருண்டையா இருக்கறது வேற. உள்ளார சிவப்பா மணி மணியா இருக்கறது இன்னொண்ணுங்கப்பா" என்று, மந்தையில் ஆட்டைப் பிரிப்பதுபோல் பிரித்துச் சொல்கிறாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயமே. அந்தச் சிவப்பு மணி அணு மற்றவர்களுக்கு ஏதோ ஒன்றிரண்டுதான் தென்படுமாம். எனக்கோ பார்த்த இடமெல்லாம் அதுதான்! டாக்டரம்மாவே குனிந்து பார்த்து, "அடேயப்பா!" என்றார். அங்கே படிக்கிற பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்று என் ரத்தத்தைத் தரிசித்தார்கள். தீர்த்தமலைக் கோயிலில்கூட அப்படியொரு வரிசையை நான் கண்டதில்லை. நம் பக்கத்தில் வேறு எந்த வம்சத்துக்கு இந்தப் பாக்கியம் உண்டு? இந்த ரத்தமா உங்கள் வீட்டுக்கு வேண்டாம்? யோசித்து, பெண் பார்க்க வரும் நாளை எழுதவும். அக்காவுக்கு என் கும்பிடு, மாது நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மாரப்பன்

பின்குறிப்பு: லீவில் வந்த செல்லி இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மணி அணு எனக்குப் பெருகியது வம்சத்தால் இல்லையாம், வயிற்றில் இருந்துகொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிற கொக்கிப்புழுவாலாம். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நடப்பதால் ஏறுகிற புழுவாம். அன்றைக்கே சொல்ல வந்தாளாம், நான்தான் பெருமையில் காதில் வாங்காமல் ரயிலுக்கு ஓடிவிட்டேனாம். மருந்து குடித்து, கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்து, இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். சண்டைக் காலத்தில் வேறு காகிதம் கிடைக்காததால் இதையே அனுப்புகிறேன். இன்னொன்று. "மாமா வூட்ல மட்டும் யாரு செருப்பு போடறாங்க? மாது மாமன் மூஞ்சியே வெளுத்துக் கெடக்குது. அவரு ரத்தத்தைப் பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். என்ன தைரியம் பாருங்கள் என் மகளுக்கு! ஆகையால் மச்சான், நீங்கள் பெண் பார்க்க வரவேண்டாம். வெள்ளிக்கிழமை நாங்களே ஊசியோடு மாப்பிள்ளை பார்க்க வருகிறோம்.