பேஸ்மென்டில் ஒரு நாற்காலி

வெண்டல் நான்காவது மரச்சட்டத்தை நிறுத்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, நகராட்சி இன்ஸ்பெக்டர் டோரீன் படியிறங்கி வந்தார்.

"பர்மிட் எங்க?"

"என் வீட்டு பேஸ்மென்ட்ல நான் சுவர் வைக்கிறதுக்கா?"

"ஆமா. புகார் வந்திருக்கு. யாருன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாது."

வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷம் அமெரிக்காவின் பனி ஊரான டுலூத்தின் தெருக்களில் தபால் கொடுத்து ஓய்ந்த மனுஷன். மேலே உட்கார்ந்தால் மனைவி ஆர்டெல் நொய் நொய் என்று ஏதாவது வேலை வைக்கிறாள். போன மாதம்தான் அவளுடைய சமையலறை டப்பாக்களை எல்லாம் அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்தார். ஒரு நன்றி உண்டா? கீழே ஒரு நாற்காலி, ஒரு டி.வி., நிம்மதியாக ஐஸ் ஹாக்கி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

"பக்கத்து வீட்டு ஹார்லன்தான் போட்டுக் கொடுத்திருக்கான்" என்றார் ஆர்டெலிடம்.

"யாரோ. சட்டம்னா சட்டம்தானே, வெண்டல்" என்றாள் அவள்.

மறுநாள் பனி தள்ளும் மெஷினோடு போனவர், ஹார்லன் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடும் பதினாறு வருஷ வழக்கத்தை விட்டு, அவன் வீட்டு எல்லையில் கோடு போட்டதுபோல் நிறுத்தித் திரும்பினார். அந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

பர்மிட் வந்தது. கூடவே டோரீனும் வந்தார்.

"இது தூங்குற அறையாம். அப்போ ஆள் ஏறித் தப்பிக்கிற அளவுக்கு ஜன்னல் வேணும்."

"நான் ஹாக்கிதான் பாப்பேன்."

"பத்தாவது நிமிஷமே குறட்டை விடுவீங்கன்னு புகார்ல இருக்கு."

"அது எப்படி ஹார்லனுக்குத் தெரியும்?"

உறைந்த மண்ணை நாலு நாள் இடித்து ஜன்னல் வைத்தார். பனி உருகி அந்த வழியே தண்ணீர் உள்ளே வந்தது. பம்பு வைக்கத் தரையை உடைத்தார்.

"உடைச்சது உடைச்சாச்சு, ஒரு பாத்ரூமும் போட்டுடேன்" என்றாள் ஆர்டெல். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மூன்றாவது புகார், ஹீட்டர் போதாது என்று. குளிரில் அவருக்கு முழங்கால் குடையுமாம்.

அன்று ஹார்லன் சுடச்சுட உருளைக்கிழங்குப் பண்டத்தோடு வாசலில் நின்றான்.

"ஒடம்பு சரியில்லையா, வெண்டல்? பாதியிலயே மெஷினை நிறுத்திட்டியே. இன்னைக்கு உன் பக்கமும் நானே தள்ளிட்டேன்."

'என்ன நெஞ்சழுத்தம் பார்' என்று மனசுக்குள் கறுவியபடி வெண்டல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. டோரீன் கையெழுத்துப் போட்டார். வெண்டல் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"இப்பவாவது சொல்லுங்க. ஹார்லன்தானே?"

"ஐயோ பாவம், அவர் இல்லை. பேரை நான் சொல்லக் கூடாது. இன்னைக்குக் காலையில வந்த புகாரை வேணும்னா படிக்கிறேன்" என்று டோரீன் காகிதத்தைப் பிரித்தார். "'அவர் மேல வந்து என் டப்பாக்களைத் தொடாம இருக்கணும்னா, கீழ ஒரு அடுப்பும் வைக்கச் சொல்லி நகராட்சி உத்தரவு போட முடியுமா?'"