ஓரணு ஐயாவும் ஒரு கிழங்கும்

ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஞாயிறு காலையிலேயே கொழுந்து நிறுக்கும் மடுவம் நிரம்பி வழிந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்தோடு வந்ததில்லை. வந்திருப்பவர் ஓரணு ஐயா அல்லவா? போன வருடம் வரை ஹட்டனில் போன் கவர் விற்ற முத்துலிங்கம்தான். இப்போது கழுத்தில் உருத்திராட்சம், உடம்பில் டாக்டர் கோட்டு. ஆன்மிகமும் விஞ்ஞானமும் ஒரே ஆளுக்குள் அடக்கம்.

"பிளாட்டினத்துல ஒத்த அணு. வெளிநாட்டுல இத வச்சுத்தான் எல்லாம் பண்றாங்க. இந்தக் கறுப்பு மணிக்குள்ள அது குந்தியிருக்கு" என்றவர், தெளிந்த தீர்த்தக் கிண்ணத்தில் மணியை விட்டார். நுரை பொங்கி மேசையில் வழிந்தது. "பாத்தீங்களா, நோய் வெளியேறுது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கண்ணுக்கே தெரியாத அணுவை எல்லோரும் கண்ணாரக் கண்டுவிட்டார்கள். மணி இலவசம், காணிக்கை மனம்போல. மனம் சிறுத்தால் அணு கோபித்துக்கொள்ளுமாம்.

நாகலெட்சுமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மகள் சுலக்ஷனாவுக்கு ஐந்து வருடமாக வலிப்பு. கிளினிக் குளிசையால்தான் அடங்கிக் கிடக்கிறது. இனிக் குளிசையே வேண்டாமாம். குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தோண்டிய முதல் உருளைக்கிழங்குகளைக் காணிக்கையாக மடியில் கட்டி வந்திருந்தாள்.

"குளிசையும் அணுவும் ஒரே ஒடம்புல நிக்காதும்மா. அத இந்த வாளியில போடுங்க" என்றார் ஐயா.

அவள் குளிசைப் பொட்டலத்தோடு கையை நீட்டினாள்.

"போடாதேங்கோ அக்கா." தோட்டப் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துச் சிவகௌரி டீச்சர் முன்னால் வந்தார். "ஐயா, உங்கட மணியை இந்தப் பைப் தண்ணியில ஒருக்கா விடுங்கோ."

விட்டார். மணி சும்மா கிடந்தது.

"அந்தத் தண்ணிக்குப் பக்தி பத்தாதுங்க."

"சரி, அப்ப உங்கட பக்தியான தண்ணியிலயே பாப்பம். அக்கா, ஒரு கிழங்கு தாங்கோ."

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செல்லசாமி தன் கத்தியை நீட்டினார். பச்சைக் கிழங்குத் துண்டுகள் புதுத் தீர்த்தத்தில் விழுந்தன. மணிக்குப் பொங்கியதைவிட ஒரு விரற்கடை கூடவே பொங்கியது.

"ஏங்க, கிழங்குலயும் அணு குந்தியிருக்குதா?" என்றார் செல்லசாமி. மடுவமே குலுங்கிச் சிரித்தது.

டீச்சர் மணியைத் தேய்த்தார். விரல் கறுத்தது. "டோர்ச் பட்டரிக்குள்ள இருக்கிற தூள். தீர்த்தம், புண் கழுவுற மருந்து. இந்தத் தூள் பட்டாலும் பொங்கும், பச்சைக் கிழங்கு பட்டாலும் பொங்கும். ஒற்றை அணு வினையூக்கி எண்டு ஒண்டு இருக்கிறது உண்மைதான். மருந்துச் சரக்கை லேசாச் செய்யிறதுக்கு அதை ஆராயினம். குளிசை செய்ய உதவுற சாமானைச் சொல்லி, இவர் குளிசையை எறியச் சொல்லுறார்."

நாகலெட்சுமி குளிசைப் பொட்டலத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "எம்புள்ளய கொன்னுருப்பியேய்யா" என்று திரும்பினால், ஆளைக் காணோம். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், தான் மட்டும் மாறாது என்பார்கள். ஐயாவும் அப்படியே வேனில் ஏறிக் கினிகத்தேனைப் பக்கம் பறந்துவிட்டார், கொஞ்சமும் மாறாமல்.

அன்று மகளுக்கு நேரத்துக்குக் குளிசை கொடுத்தாள். காணிக்கைக் கிழங்கு கறியானது, இருவரும் சிரித்துச் சிரித்துத் தின்றார்கள்.

அடுத்த ஐயா எந்த மணியோடு வருவாரோ தெரியாது. கும்பிடுவதற்கு முன் ஒரு கிழங்கை வெட்டிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் பொங்கினால் கிழங்கையே கும்பிடுங்கள். அதுவாவது உங்கள் குளிசையை எறியச் சொல்லாது.